கேட்ட படம்

“இவ்வளவுதானா எடுத்தீர்கள்?” என்று, இறந்த தாயாரின் புகைப்படத்தை என்னிடமிருந்து வாங்கிய மகள் கேட்டார். “நீங்கள் கேட்டது இவ்வளவுதான்” என்றேன். பொய் இல்லை. அவருடைய கேள்விக்கான பதிலும் இல்லை.

அவருடைய தாயார், உயிரோடு இருக்கையில் தலையணையில் சாய்ந்து எனக்கு முகம் காட்டியபோதே சொல்லிவிட்டார்: “போன பிறகும் ஒன்று எடுங்கள். தூங்குவது போல மட்டும் வேண்டாம். தூங்குகிறவளை எழுப்பத்தான் தோன்றும்.” ஒப்புதல் படிவத்தில் இரண்டு படங்களுக்கும் கையெழுத்துப் போட்டார். எப்படி எடுக்க வேண்டும் என்று எழுத அதில் இடமில்லை.

இறந்த அன்று மகள் என்னை அறைக்கு வெளியிலேயே நிறுத்தினார். “அம்மா தூங்குவது போல எடுத்துக் கொடுத்துவிடுங்கள்.”

உயிர் போனதும் தசைகள் தளர்ந்து வாய் திறந்துகொள்ளும். இமைகளும் பல நேரம் முழுதாக மூடுவதில்லை. சில மணி நேரத்தில் முதலில் விறைக்கத் தொடங்குபவை இமையும் தாடையும்தான்; அதற்கு முன்பே மோவாய்க்குக் கீழே துண்டைச் சுருட்டி வைத்துவிட வேண்டும். செவிலியர் துண்டோடு நின்றிருந்தார். “ஒரு நிமிடம்” என்று சொல்லி, முதலில் அப்படியே எடுத்தேன். துண்டு வைத்த பிறகு, ஜன்னல் வெளிச்சம் தலைப்பக்கமிருந்து விழும்படி கட்டிலைத் திருப்பி இன்னொன்று. கால்பக்கத்து வெளிச்சம் மூக்குத் துளைகளையும் தாடையின் அடியையும்தான் காட்டும். தலைப்பக்கத்து வெளிச்சத்தில் எந்த முகமும் சாந்தமாகிவிடும். கறுப்பு வெள்ளையாக்கினால் தோலின் நிறமாற்றமும் மறைந்துவிடும். மகளிடம் கொடுத்தது அந்தப் படம்.

இரண்டு பேர் சொல்லையும் காப்பாற்றிவிட்டேன் என்று சில சமயம் நினைத்துக்கொள்வேன். அந்த நினைப்பு நெடுநேரம் நிற்பதில்லை. தாயார் கேட்டது எடுப்பதை மட்டுமா, மகள் அதைப் பார்ப்பதையுமா? எழுப்பத் தோன்றும் என்று அவர் கவலைப்பட்டது என்னை நினைத்து இருக்க முடியாதே.

இந்தத் தொழிலில் இரண்டு வழியும் உண்டு. 1885இல் பிரெஞ்சு எழுத்தாளர் விக்டர் ஹ்யூகோ இறந்தபோது புகைப்படக் கலைஞர் நாதார் எடுத்த படத்தில் கிழவர் கண்மூடி அமைதியாகக் கிடக்கிறார். அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் ரிச்சர்ட் அவெடன், புற்றுநோயில் கரைந்துகொண்டிருந்த தன் தந்தையைத் தொடர்ந்து எடுத்த படங்களில் அந்தச் சலுகை கிடையாது. 1974இல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் அவை காட்சிக்கும் வைக்கப்பட்டன. அவெடனை மெச்சுவது எனக்கு எளிது. ஆனால் அவர் எடுத்தது தன் அப்பாவை. நான் நின்றது இன்னொருவருடைய மகளின் முன்னால்.

அந்த “இவ்வளவுதானா” ஏமாற்றமா, நிம்மதியா? நினைக்கிற நாளைப் பொறுத்து அது மாறுகிறது. “இன்னும் இருக்கிறதா?” என்று கேட்டிருந்தால் ஆம் என்றிருப்பேன், அப்படித்தான் நம்புகிறேன். துக்கத்தில் இருப்பவரிடம், கேட்காத படத்தை நீட்டுவது முறையல்ல என்று இன்றும் வாதிடுவேன். அதற்காக முதல் படத்தை அழிக்கவும் மாட்டேன். அழித்தால் தாயாருக்குக் கொடுத்த வாக்கு போய்விடும் என்பது நான் சொல்லும் காரணம். அது நல்ல படம் என்பதும் ஒரு காரணமாக இருக்கலாம்.

படிவத்தில் இப்போது ‘இதை யார் பார்க்கலாம்?’ என்று ஒரு வரி சேர்த்திருக்கிறேன். பெரும்பாலோர் அதை நிரப்பாமலே கையெழுத்துப் போடுகிறார்கள். நானும் வற்புறுத்துவதில்லை.