போருக்குப் போகாத துவக்கு

சுவிற்சர்லாந்தின் ஆயுத ஒழுங்குவிதியில் 12ஆம் பிரிவு என்று ஒன்று இருக்கிறது. துவக்கு வாங்கவோ வைத்திருக்கவோ கூடாத வெளிநாட்டுக்காரர் யார் என்று நாடு நாடாக அதில் போட்டிருக்கிறார்கள். அல்பேனியா, அல்ஜீரியா, கொசோவோ, சேர்பியா, பொஸ்னியா, வட மசிடோனியா, துருக்கி. இந்தக் கூட்டத்துக்குள் ஸ்ரீலங்காவும் உண்டு. எங்கட ஆக்களில் பலருக்கு இது தெரியாது. துவக்குக்குப் பயந்து ஓடி வந்தவனுக்கு அதைத் தெரிந்துகொள்ள ஒரு தேவையும் வருவதில்லை. எனக்கு வந்தது, சிவப்பு சுவிஸ் பாஸ்போட் கையில் கிடைத்து, மகன் பட்டாளத்துக்குப் போன பிறகு.

நான் வந்தது 1991இல். பேர்ண் மாநிலத்தில் ஒரு கிராமத்து அகதிக் காம்பில் விட்டார்கள். வந்த முதல் சனிக்கிழமை பின்னேரம் வெடிச்சத்தம் கேட்டது. ஒவ்வொன்றாக, அவசரமில்லாமல், இடைவெளி விட்டு. அறையில் இருந்த நாலு பேரும் யாழ்ப்பாணத்துப் பெடியள். ஒருவரோடு ஒருவர் கதைக்காமலே கட்டிலுக்குக் கீழே போய்விட்டோம். இந்திய இராணுவம் இருந்த காலத்தில் அவர்களின் எஸ்எல்ஆர் துவக்குச் சத்தம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று கணக்குப் பார்த்துப் பழகிய காதுகள். காம்ப் பொறுப்பாளர் பெண் வந்து, எங்களைக் குனிந்து பார்த்து, ஊரார் இலக்குக்குச் சுட்டுப் பழகுகிறார்கள் என்று கையால் காட்டி விளங்கப்படுத்தினார். அந்த நாட்டில் ஊருக்கு ஒரு தேவாலயம் இருக்கிற மாதிரி 300 மீற்றர் சுடுதளமும் இருக்கும். படைக்குப் போய் வந்தவன் துவக்கை வீட்டில் வைத்திருப்பான்; வருடத்துக்கு ஒருமுறை கட்டாயமாகச் சுட்டுக் காட்ட வேண்டும்.

சத்தம் கெதியிலேயே பழகிவிட்டது. ரயிலில் பழகத்தான் காலம் எடுத்தது. ஞாயிறு பின்னேரம் முகாமுக்குத் திரும்பும் பொடியன் ஒருவன் எதிர்ச் சீற்றில் இருந்து சொக்கிளேற் தின்பான். துவக்கு சாமான் தட்டில் கிடக்கும். ஒருத்தரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். நான் மட்டும் அடுத்த பெட்டிக்கு மாறி இருப்பேன்.

பிறகு என்னுடைய மகனே அப்படி வந்து நின்றான். 18 கிழமைப் பயிற்சி. சனிக்கிழமை கதவைத் திறந்தால் சீருடை, தோளில் பை, கையில் 90ஆம் ஆண்டு மொடல் தானியங்கித் துவக்கு. மனிசி அதைச் சாமி அறைப் பக்கம் கொண்டுபோகவே விடவில்லை, நேரே கெல்லருக்குத்தான், அதாவது நிலக்கீழ் அறைக்கு. ரவை வீட்டுக்குக் கொடுப்பதில்லை, அந்த வழக்கத்தை 2007இல் நிற்பாட்ட முடிவெடுத்துவிட்டார்கள் என்று மகன் சொல்லியும் அவ அன்று இரவு நித்திரை கொள்ளவில்லை. அவவின் பயத்தை நான் பகிடி பண்ணவில்லை. இந்த நாட்டுக்காரரிலும் பாதிக்குக் கொஞ்சம் குறைந்த பேருக்கு அதே பயம் இருக்கிறது. 2011 மாசியில், படைத்துவக்கை வீட்டில் வைக்காமல் களஞ்சியத்தில் வைக்கச் சொல்லி ஒரு வாக்கெடுப்பு வந்து, 56 வீதமானோர் எதிர்த்ததால் தோற்றது.

மகனோடு சுடுதளத்துக்குப் போய்வரத்தான் எனக்கும் ஆசை தொற்றியது. அங்கே இளம் பெடியளைவிட வயது போன விவசாயிகள்தான் கூட. அவர்கள் வைத்திருந்தது பழைய மரக்கட்டைத் துவக்கு, கே31. எங்கள் பேர்ண் நகரத்து ஆயுதத் தொழிற்சாலையில் கேணல் அடோல்ஃப் ஃபூரர் வடிவமைத்தது. 1933 தொடக்கம் 1958 வரை ஐந்து இலட்சத்துக்கு மேல் செய்திருக்கிறார்கள். மற்றத் துவக்குகளில் ரவையை ஏற்றிப் பூட்டும் போல்டின் பிடியைத் தூக்கி, இழுத்து, தள்ளி, மடக்க வேண்டும். இதில் நேரே பின்னுக்கு ஒரு இழுவை, நேரே முன்னுக்கு ஒரு தள்ளு. ஆறு ரவை. 300 மீற்றரில் கறுப்பு வட்டத்துக்குள் எழுபது வயதுக் கிழவன் படுத்துக் கிடந்து போடுவான்.

சுவிஸ் பிரசை என்றால் கே31 வாங்குவதற்குத் தனி அனுமதிப் பத்திரம் தேவையில்லை. விற்பவனும் வாங்குபவனும் எழுத்து ஒப்பந்தம் செய்து, பிரதியை மாநில அலுவலகத்துக்கு அனுப்பி, தங்கள் பிரதியைப் பத்து வருடம் வைத்திருக்க வேண்டும். விலையும் சில நூறு பிராங்தான். ஆனால் கடைக்குப் போனால் கேள்வி வேறு மாதிரி வருகிறது: தொடாத பழசு வேண்டுமா, புதுப்பித்தது வேண்டுமா?

கடைக்காரன் மேசையில் இரண்டைப் போட்டான். ஒன்று ரஷ்ய மோசின்-நாகன்ட், 1943, இஷெவ்ஸ்க் தொழிற்சாலை முத்திரை. பார்த்தால் நேற்றுச் செய்தது மாதிரி. செம்பழுப்பு ஷெலாக் அரக்குப் பூசிப் பளபளக்கும் கட்டை, கறுத்து மின்னும் இரும்பு. உலகப் போர் முடிந்த பிறகு சோவியத் களஞ்சியங்களில் இலட்சக்கணக்கான துவக்குகளைக் கழற்றி, தேய்ந்ததை மாற்றி, மறுபடி பூட்டி, எண்ணெய்க்குள் போட்டு வைத்தார்கள். அடுத்த போருக்கென்று வைத்தது, வரவில்லை. ஒன்றின் போல்ட் இன்னொன்றின் குழலோடு சேர்ந்திருக்கும். அதனால் பழைய இலக்கத்தை அடித்துவிட்டுக் குழலின் இலக்கத்தையே போல்டிலும் பின்தகட்டிலும் புதிதாகக் குத்துவார்கள். எல்லா இலக்கமும் ஒன்று என்று விற்பவன் சொல்வது பொய்யில்லை, ஆனால் அது பிறவிப் பொருத்தமில்லை. எழுத்தின் அச்சு வேறுபடும். குறுக்குக் கோடு போட்ட சதுரமுத்திரை புதுப்பித்ததைச் சொல்லிவிடும்.

மற்றது ஒரு கே31. அடிக்கட்டை நனைந்து கறுத்து, பனியிலும் கல்லிலும் ஊன்றி ஊன்றி ஓரம் சிதைந்து கிடந்தது. இரும்பில் கை பட்ட இடமெல்லாம் கறுப்புப் போய் வெள்ளை தட்டியிருந்தது. குழலுக்குள் வெளிச்சம் பிடித்துப் பார்த்தால் கண்ணாடி. கடைக்காரன் பின்தகட்டின் இரண்டு ஆணியைக் கழற்றி, உள்ளே மடித்து வைத்திருந்த சின்ன அட்டையைக் காட்டினான். வைத்திருந்த படையாளின் பெயர், படைப்பிரிவு, எமெந்தால் பக்கத்து ஊர் ஒன்று. இந்த அட்டை எல்லாவற்றிலும் இருக்காது. கட்டையை இழைத்து வார்னிஷ் அடித்து விற்பவர்கள் அதை எடுத்து எறிந்துவிடுவார்கள்.

தொழில் தெரிந்தவர்கள் சொல்வதைச் சொல்கிறேன். சுடுவதற்கு வாங்குகிறவன் கட்டையின் அழகையும் பார்க்கக்கூடாது, பழமையையும் பார்க்கக்கூடாது. குழலின் உள்வரி கூராக இருக்கிறதா, வாய் தேய்ந்திருக்கிறதா, ரவை இருக்கும் அறையின் இடைவெளி அளவுக்குள் நிற்கிறதா, அவ்வளவுதான். ரவையின் கூர்ப்பக்கத்தைக் குழல்வாய்க்குள் விட்டுப் பார்ப்பார்கள். கோது வரைக்கும் இறங்கினால் வாய் போய்விட்டது. புதுப்பித்த துவக்குகள் சிலவற்றில் தேய்ந்த வாயை உள்ளுக்குள் கடைந்து சரிப்படுத்தியிருப்பார்கள், நன்றாகவே சுடும். பழைய சோவியத் ரவை பாவித்தால் மட்டும் அதன் அடியில் உள்ள பற்றவைக்கும் மருந்து உப்பை விட்டுவிட்டுப் போகும். சுட்ட அன்றே சுடுதண்ணீர் விட்டுக் கழுவி எண்ணெய் போடாவிட்டால் குழல் துருப்பிடிக்கும். சுவிஸ் ரவையில் அந்தத் தொல்லை இல்லை. சேகரிக்கிறவனுக்கு எல்லாம் தலைகீழ்: சாண்ட் பேப்பர் பட்ட கட்டை என்றால் பாதி விலை போனது.

நான் கே31ஐ எடுத்தேன். காரணம் விலையோ குழலோ இல்லை. 1943இல் இஷெவ்ஸ்கில் செய்த துவக்கு எங்கே போயிருக்கும் என்று எனக்கு ஊகிக்கத் தெரியும். யாரிடமிருந்து யாரிடம் கைமாறியது, கட்டை ஏன் மாற்றப்பட்டது என்பதெல்லாம் அந்த ஷெலாக்குக்குக் கீழே போய்விட்டது. சுவிஸ் நாட்டுக்குக் கடைசிப் போர் 1847இல். 1932 கார்த்திகையில் ஜெனீவாவில் ஆர்ப்பாட்டக்காரர்மேல் படையினர் சுட்டு 13 பேர் செத்தார்கள், அதையும் மறைக்கத் தேவையில்லை. ஆனால் கே31 உற்பத்திக்கு வந்தது அதற்குப் பிறகு. என் கையில் இருப்பதன் காயங்கள் மலையில் ஏறியிறங்கி வந்தவை.

இதையெல்லாம் போன ஆடியில் கொக்குவிலில் மாமாவுக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். மாமா கராஜ் வைத்திருந்தவர். போர்க்காலப் பொருளாதாரத் தடை இருந்தபோது ஒரு சொட்டுப் பெற்றோலில் ஸ்ரார்ட் எடுத்து மண்ணெண்ணெயில் ஒஸ்ரின் ஏ40 ஓட்டியவர்களில் ஒருவர். அந்தக் கார் இன்னும் மாமரத்துக்குக் கீழே நிற்கிறது. போனில் இருந்த படத்தைக் காட்டியதும் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார்.

“ஏனடாப்பா, உதுக்குப் பயந்து காணியை ஈடு வைச்சு உன்னை அனுப்பினம். நீ அங்க போய்க் காசு குடுத்து வாங்கி வைச்சிருக்கிறாய்?”

மாமி குசினியிலிருந்து, “அவருக்கு விசர். பிள்ளைகளும் இருக்கிற வீட்டில” என்றா. அதற்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. இலக்குக்குத்தான் சுடுகிறோம் என்று சொன்னேன். ஃபெல்ட்ஷீசன் என்று ஒரு சுடும் விழா, 18 வெடி, ஆகக்கூடிய புள்ளி 72, வைகாசி, ஆனியில் நாடு முழுக்க நடக்கும், இலட்சம் பேருக்கு மேல் சுட வருவார்கள் என்றெல்லாம் சொன்னேன். “கோயில் திருவிழா மாதிரியோ?” என்று மாமா கேட்டார். பெருமளவுக்கு அப்படித்தான், வறுத்த சொசேஜும் பியரும் இருக்கும் என்றேன்.

போல்ட் விஷயம் வந்ததும் மாமாவின் கதை மாறியது. நேரே இழுத்தால் பூட்டு எப்படித் திறக்கும் என்று கேட்டார். உள்ளே ஒரு கோணல் தவாளிப்பு உறையைத் திருப்புகிறது என்று கடதாசியில் கீறிக் காட்டினேன். அது அவருக்குப் பிடித்துவிட்டது. மோசினின் இலக்கக் கதையைச் சொன்னபோது சிரித்தார்.

“உது இஞ்சையும் செய்தவங்கள்தானே. எஞ்சின் ஒரு காரில, செசி இன்னொரு காரில. நம்பரை அராவிப்போட்டு அடிச்சு விட்டால் புத்தகத்துக்குச் சரி. ஏன், உந்த ஏ40இன்ர கியர்பெட்டியே மொறிஸ் ஒக்ஸ்போட்டில இருந்து கழட்டினது.”

“அப்ப மாமா, நீங்கள் எண்டால் எதை எடுத்திருப்பியள்?”

“புதுக்கினதைத்தான்.” ஒரு கணமும் யோசிக்கவில்லை. “பழசு ஆற்ற எண்டு அறிஞ்சு என்ன செய்யப் போறாய்? சண்டைக்குப் போன சாமானெண்டால் நல்லாக் கழுவிப் பூசித்தான் வைக்கவேணும். நீ அந்த மனிசன்ர பேரை உள்ளுக்க வைச்சுக்கொண்டு சுடுறாய்.”

“அந்த மனிசன் சண்டைக்கே போகேல்லை மாமா.”

“அப்ப அவன் அதிட்டக்காரன். ஆனால் கட்டையின்ர ஓரம் உப்பிடிச் சிதைஞ்சு கிடக்கிறது வடிவில்லை. அடுத்தமுறை வரேக்க அந்தக் கட்டையை மட்டும் கழட்டிக்கொண்டு வா, நான் தேய்ச்சுத் தாறன்.”

கட்டுநாயக்காவில் துவக்குக் கட்டையோடு இறங்கினால் என்ன நடக்கும் என்று மாமி கேட்டா. மாமா அதை இன்னும் யோசிக்கவில்லை போல.