நாலரை கிலோ கறுப்புப் பொடியும் கரண்ட் பில்லும்

கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து புதுச்சேரி சேதராப்பட்டுக்கு இரண்டு பஸ் மாற வேண்டும். மூன்று வாரம் அப்படிப் போய் வந்தேன். அங்கே ஒரு சின்ன ஆலையில் காந்த நானோ துகள், அதாவது காந்தத்துக்கு இழுபடும், கண்ணுக்கே தெரியாத நுண்துகள் செய்கிறார்கள். மேக்னடைட் என்கிற கறுப்பு இரும்பு ஆக்சைடு. “கிலோவுக்கு எத்தனை யூனிட் ஆகுது, எங்க குறைக்கலாம்னு பார்த்துச் சொல்லுங்க சார்” என்றார் முதலாளி. அதுவரை நான் மின்தணிக்கை செய்ததெல்லாம் ஐஸ் கம்பெனிகளும் ஒரு நூல் மில்லும்தான்.

செய்முறை எளிது. பெர்ரிக் குளோரைடு, பெர்ரஸ் குளோரைடு என்ற இரண்டு இரும்பு உப்புகளை, எடையில் அல்லாமல் மோல் (மூலக்கூறு எண்ணிக்கை) கணக்கில் இரண்டுக்கு ஒன்று என்று தண்ணீரில் கரைத்து, காற்று படாமல் நைட்ரஜன் ஓடவிட்டு, 80 டிகிரியில் காஸ்டிக் சோடா ஊற்றுவார்கள். துருநிறக் கரைசல் கண்ணெதிரே கறுத்துவிடும். 1981இல் மாசார் என்ற பிரெஞ்சு வேதியியலாளர் வெளியிட்ட முறையின் வழியில் வந்தது. புதுச்சேரிக்கு வந்தும் ஒரு பிரெஞ்சுக்காரர் பெயர் குறுக்கே வராமல் போகுமா!

முதல் நாளே சறுக்கினேன். கரைசலைக் கலக்கும் மோட்டாரின் வயரில், கரண்டை அளக்கும் கிளாம்ப் மீட்டரை மாட்டி, ஆம்பியரை வோல்ட்டால் பெருக்கி எழுதிக்கொண்டே போனேன். “அண்ணே, மோட்டார் பாதி லோடுகூட இல்லாம சுத்துது, பவர் ஃபேக்டர் பார்த்தீங்களா?” என்றார் ஆலையின் எலெக்ட்ரீஷியன் தம்பி. பார்க்கவில்லை. பெருக்கி வரும் எண்ணில் எவ்வளவு பங்கு நிஜமான மின்செலவு என்பதுதான் பவர் ஃபேக்டர். லோடு குறைந்தால் அதுவும் குறையும். அதையும் அளக்கும் அனலைசர் வாடகைக்கு எடுத்து மறுபடி அளந்தபோது என் எண்களில் பாதி காற்றில் போனது.

கரண்டை அதிகம் தின்பது எது என்று எல்லோரும் சந்தேகப்பட்டது கரைசலைச் சூடாக்கும் உலையைத்தான். 200 லிட்டரை 30 டிகிரியிலிருந்து 80க்கு ஏற்ற, கணக்குப்படி 11.6 யூனிட். மீட்டர் 14 காட்டியது. பாத்திரமும் சூடாக வேண்டுமே, நியாயம்தான். ஒரு தடவைக்குக் கிடைப்பது சுமார் நாலரை கிலோ பொடி.

அப்புறம் கழுவல். அந்த நாலரை கிலோவோடு கூடவே ஒன்பது கிலோவுக்கு மேல் சாதாரண உப்பு உண்டாகிறது. மரக்காணம் உப்பளம் பக்கத்தில் இருக்க, நாம் இங்கே தனியாக உப்பு காய்ச்சுகிறோம் என்று சிரித்துக்கொண்டோம். அதைப் போக்க ஆர்.ஓ. தண்ணீர் ஊற்றி, சென்ட்ரிஃபியூஜில் சுற்றி, மறுபடி ஊற்றி என்று ஆறேழு தடவை. துகளே காந்தத்துக்கு இழுபடும்போது சென்ட்ரிஃபியூஜ் எதற்கு? வாளிக்கு அடியில் நியோடிமியம் காந்தத்தை வைத்துப் பார்த்தோம். சில நிமிடத்தில் கறுப்பு கீழே படிந்து மேலே தெளிந்தது. ஆனால் நாலாவது கழுவலுக்குப் பிறகு படியவே இல்லை. உப்பு இருக்கும்வரை துகள்கள் கட்டிகட்டியாகச் சேர்ந்திருக்கும். உப்பு குறைந்ததும் பிரிந்து மிதக்கும், தனித்தனித் துகளை இழுக்கக் காந்தத்துக்கு வலு போதாது. ஆகவே கடைசிக் கழுவல்களுக்கு மட்டும் சென்ட்ரிஃபியூஜ் என்று முடிவானது.

உலர்த்தியில்தான் அசந்துபோனேன். நாலரை கிலோ பொடியுள்ள சேற்றில் 18 லிட்டர் தண்ணீர். அதை ஆவியாக்க எப்படிப் பார்த்தாலும் 11 யூனிட்டுக்கு மேல் வேண்டும். 200 லிட்டர் உலையைச் சூடாக்கும் அளவு! மீட்டரோ 61 காட்டியது. சூடு கூடினால் மேக்னடைட் காற்றில் ஆக்சிஜன் ஏற்றுப் பழுப்பாகிவிடும் என்பதால் 60 டிகிரியில் இரவெல்லாம் ஓட்டுகிறார்கள். ஐப்பசி ஈரக் காற்று வேறு. கதவு ரப்பர் கிழிந்து, கை வைத்தால் அனல் அடித்தது. சேறு காய்ந்த பிறகும் காலை ஷிஃப்ட் வரும்வரை ஹீட்டர் நிற்பதில்லை.

ரப்பரை மாற்றினோம், டைமர் போட்டோம், 38க்கு வந்தது. அதோடு அறிக்கையை முடித்திருப்பேன். டீ குடிக்கும்போது சும்மா கேட்டேன், வாங்குகிறவர்கள் பொடியை என்ன செய்கிறார்கள் என்று.

“தண்ணியில கலக்குவாங்க சார். கட்டி கட்டியா இருக்குன்னுதான் அடிக்கடி புகார்.”

இங்கே இரவெல்லாம் தண்ணீரை விரட்டுகிறோம். அங்கே திரும்ப ஊற்றி, உலர்ந்ததில் ஒட்டிக்கொண்ட துகளைப் பிரிக்க அல்ட்ராசோனிக் கருவியில் இன்னும் கரண்ட் செலவழிக்கிறார்கள். சேறாகவே டிரம்மில் அனுப்பினால் என்ன? லாரி வாடகை கூடும் என்று முதலாளி இழுத்தார். கணக்குப் போட்டுக் காட்டியதும் இரண்டு பேருக்கு போன் செய்தார். இருவரும் சரி என்றார்கள். மூன்றாமவருக்குப் பொடிதான் வேண்டுமாம். அவருக்காக உலர்த்தி இப்போது வாரம் ஒரு இரவு ஓடுகிறது, டைமரோடு.