டம்ளருக்குள் கிடந்த பாட்டு

கண்ணாடி மேஜைமேல் வைத்த ஸ்பீக்கர் தானாகவே என்னை நோக்கி நகர்ந்து வந்தது.

சென்னை ரிச்சி தெரு எலக்ட்ரானிக்ஸ் கடை, இன்று மதியம். கடைப் பையன் சத்தத்தைக் கூட்டக் கூட்ட, இரு முனையிலும் உள்ள ரப்பர் வட்டுகள் தவளைத் தொண்டை மாதிரி உப்பி உப்பி அடங்கின.

"பேஸ் பாத்தீங்களா சார்?"

பார்த்தேன்தான். ஹாரன் இரைச்சலில் அந்த அடித்தொனியைக் கேட்கத்தான் முடியவில்லை.

மாதத்தில் 15 நாள் எனக்கு லாட்ஜ் வாசம். இதுவரை போனை எவர்சில்வர் டம்ளருக்குள் போட்டுத்தான் பாட்டு. சத்தம் கூடும், சரி. ஆனால் பாடுகிறவர் கிணற்றுக்குள் விழுந்துவிடுவார்.

"சத்தத்தைக் குறைங்க தம்பி" என்றேன். விநோதமாகப் பார்த்தான்.

லாட்ஜ் சுவர் அவனுக்கு எங்கே தெரியும்? பக்கத்து அறைக்காரர் இருமினால் நான் தண்ணீர் நீட்டலாம், அவ்வளவு மெல்லிசு. மெதுவாக வைத்தாலும் தபேலா தனியாகக் கேட்க வேண்டும். எனக்கு அது போதும்.

கடைசியில் உள்ளங்கை அளவு ஒன்று. ஐபி67 தரம்: தூசி புகாது, ஒரு மீட்டர் தண்ணீரில் 30 நிமிடம் தாங்கும். பாத்ரூம் பக்கெட் அவ்வளவு ஆழமில்லை. டைப்-சி என்பதால் போன் சார்ஜரே போதும். பேஸ் குறைந்தால் சுவர் மூலையில் ஒட்டி வைத்தால் கூடும், காசில்லாத வித்தை.

இப்போது நெல்லை எக்ஸ்பிரஸ். ஸ்பீக்கர் பைக்குள் சமர்த்தாக இருக்கிறது.

எதிர் சீட்டு அண்ணாச்சி இயர்போன் இல்லாமல் ரீல்ஸ் பார்த்துக்கொண்டிருக்கிறார்.