கையைத் தூக்கச் சொன்னது

"நீங்க கையைத் தூக்கச் சொல்லி அமுக்கிப் பார்த்தீங்களே, அன்னைக்கு ராத்திரியே நின்னுபோச்சு" என்றார் பெரியவரின் மகள். குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் பதிலுக்கு ஏதாவது சொல்லி முடித்திருப்பேன்.

டயாலிசிஸில் பிஸ்டுலாவை, அதாவது கையில் தைத்து வைத்த ரத்தக்குழாய் இணைப்பை, தொட்டுப் பார்க்காமல் ஊசி போட மாட்டோம். மிஷின் நிமிடத்துக்கு 300 மில்லி ரத்தம் கேட்கும். அழுத்தம் குறைந்த, மெல்லிய சுவர் கொண்ட சாதாரணக் கைச்சிரை அவ்வளவு தராது. அதனால்தான் மணிக்கட்டில் தமனியைச் சிரையோடு இணைத்துத் தைக்கிறார்கள். தமனியின் வேகம் உள்ளே பாய, ஆறு எட்டு வாரத்தில் சிரை விரிந்து, சுவரும் தடித்துவிடும். விரல் வைத்தால் விர்ரென்று ஓர் அதிர்வு தெரியும்.

அன்று பெரியவருக்கு மணிக்கட்டுப் பக்கம் அதிர்வு இல்லை, நாடி மாதிரி தட்டியது. கையை நெஞ்சுக்கு மேலே தூக்கச் சொன்னேன். நல்ல பிஸ்டுலா என்றால் ரத்தம் இதயத்தை நோக்கி வடிந்து சிரை தளர்ந்துவிடும். அவருக்கு முன்கையில் ஓர் இடம் வரைக்கும் விம்மியபடியே நின்றது, அதைத் தாண்டினால் தட்டை.

"என்ன தம்பி, ஓடுதா?"

"ஓடுது ஐயா. நடுவுல ஒரு இடம் குறுகின மாதிரி இருக்கு. ஸ்கேன் பண்ணிடலாம்."

டாக்டரிடம் சொன்னேன், ரெஜிஸ்டரிலும் எழுதினேன். மூன்று கிலோ தண்ணீர் ஏறி அவருக்கு மூச்சு வாங்கியது. டயாலிசிஸைத் தள்ளிப்போட வழியில்லை. மறுநாள் ரத்த ஓட்டம் பார்க்கும் டாப்ளர் ஸ்கேனுக்குச் சீட்டு எழுதியாயிற்று. விடிந்தபோது கையில் ஓட்டமே இல்லை.

அமுக்கிப் பார்த்ததால் அடைக்கவில்லை. வேகமாக வரும் ரத்தம் சுழன்று மோதி, உட்சுவர் மாதக்கணக்கில் தடித்துத்தான் குழாய் குறுகும். தண்ணீர் எடுத்த பிறகு பிரஷர் இறங்கினால், குறுகிய இடத்தில் ஓட்டம் மந்தமாகி ரத்தம் உறையலாம். இதை மகளிடம் பொறுமையாகவே சொன்னேன்.

"அப்ப தண்ணியைக் கம்மியா எடுத்திருக்கலாமோ?"

என் விரல் மேல் இருந்த பழியை மிஷின் மேல் தள்ளியிருந்தேன். மிஷினை ஓட்டியதும் நான்தானே! எடுக்காமல் விட்டிருந்தால் நுரையீரலில் தண்ணீர் கோத்திருக்கும் என்றேன். அது உண்மைதான். ஆனால் அவர் கேட்டது கொஞ்சம் குறைத்து எடுப்பதைப் பற்றி. எவ்வளவு குறைத்திருந்தால் இரண்டும் தப்பியிருக்கும்? இன்றைக்குக் கேட்டாலும் என்னிடம் அளவு இல்லை.

பெரியவருக்குக் கழுத்தில் குழாய் போட்டார்கள், அப்புறம் முழங்கையில் புதுப் பிஸ்டுலா. "நீ சொன்னது சரியாப் போச்சே தம்பி" என்கிறார், ஏதோ நான் ஜோசியம் சொன்ன மாதிரி. மகள் பழி சொன்னதைவிட இதைக் கேட்கத்தான் சங்கடமாக இருக்கிறது.

"தூக்கிப் பாரு, வாயைத் திறக்காதே" என்பார் எங்கள் சீனியர் அக்கா. அவர்கள் கை, அவர்களுக்குத் தெரிய வேண்டாமா என்று நான் சண்டை போட்டிருக்கிறேன். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன். ஆனால் யாராவது "எதுக்கு தம்பி தூக்கச் சொல்றீங்க?" என்று கேட்டால், "சும்மா பார்க்கத்தான்" என்றுதான் வாயில் வருகிறது.