பூட்டுக்கு வெளியே கிடந்த நகல்

ஆபீஸ் ஐடி வேலையில், ஊழியர்களிடமிருந்து திரும்பி வந்த லேப்டாப்பில் முதலில் டிஸ்க் இடத்தைப் பார்ப்பது என் வழக்கம். அன்று கணக்கு உதைத்தது. இருக்க வேண்டியதைப் போல இரண்டு மடங்கு நிரம்பியிருந்தது. பயனர்களின் ஃபைல்கள் இருக்கும் ஹோமுக்குள் போனால் அதை வைத்திருந்த ஊழியரின் பெயரில் ஒரு ஃபோல்டர், பக்கத்திலேயே அதே பெயரோடு ஒரு புள்ளியும் அர்த்தமில்லாத எட்டு எழுத்துகளும் ஒட்டிய இன்னொன்று. ரூட்டாக (எல்லா அதிகாரமும் உள்ள அட்மின் கணக்கு) இருந்து திறந்தேன், பாஸ்வேர்டு எதுவும் கேட்காமல் திறந்துகொண்டது. சம்பள ஷீட்டுகள், ஒப்பந்தங்கள், பிரவுசர் புரொஃபைல் உட்பட எல்லாம் உள்ளே இருந்தன. எட்டு மாதத்துக்கு முன் அந்த ஹோமை என்கிரிப்ட் செய்து, அதாவது பாஸ்வேர்டு இல்லாமல் படிக்க முடியாதபடி பூட்டி, வேலைக் கோரிக்கை டிக்கெட்டில் ‘முடிந்தது’ என்று எழுதியவன் நான்தான்.

ஃபைல்கள் ஏற்கெனவே நிறைந்த ஹோமைப் பூட்டுவது புதிதாக இன்ஸ்டால் செய்வதுபோல் அல்ல. உபுண்டு லினக்ஸின் இன்ஸ்டாலரில் முன்பு ஹோமை மட்டும் என்கிரிப்ட் செய்ய ஒரு டிக் பாக்ஸ் இருந்தது, 18.04-இல் அதை எடுத்துவிட்டார்கள். ஆனால் அந்த வேலையைச் செய்யும் இகிரிப்ட்எஃப்எஸ் கருவிகள் இன்னும் கிடைத்தன. அதிலுள்ள ‘மைக்ரேட் ஹோம்’ ஸ்கிரிப்டைத்தான் ஓட்டினேன். ஹோமின் அளவைப் போல இரண்டரை மடங்கு காலி இடம் கேட்கும். அந்தப் பயனர் லாகின் ஆகியிருந்தால், அவருடைய ஒரு பிராசஸ் எங்கோ ஓடிக்கொண்டிருந்தாலும், அசையாது. அதனால் வேறொரு அட்மின் கணக்கிலிருந்து ஓட்ட வேண்டும். முடிந்ததும் மறுபடி பூட் செய்வதற்கு முன் பயனர் ஒருமுறை லாகின் ஆகியே தீர வேண்டும் என்று எச்சரிக்கும்.

ஒரு கிளைக்கதை. இதில் ஃபைல் பெயரும் என்கிரிப்ட் ஆவதால், 255 பைட் வரை இருக்கலாம் என்ற பெயரின் நீளம் 143-ஆகச் சுருங்கிவிடும். தமிழில் பெயர் வைப்பவர்களுக்கு இது சீக்கிரமே இடிக்கும். யூடிஎஃப்-8-இல் ‘க’ ஒன்றே மூன்று பைட், ‘கு’ ஆறு. நீளமான தமிழ்ப் பெயர்களை முதலிலேயே தேடிப் பிடித்துச் சுருக்கிவிட்டுத்தான் நான் ஆரம்பிப்பேன்.

ஸ்கிரிப்ட் பழைய ஃபைல்களை அழிக்காது. எல்லாம் சரியாக வந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு நாமே அழித்துக்கொள்ளட்டும் என்று அப்படியே ஒரு நகலாக வைத்துவிடும். “லாகின் பண்ணிப் பாருங்க மேடம், சரியா இருந்தா சொல்லுங்க, பழசை எடுத்துடறேன்” என்றேன். அவர் லாகின் செய்தார், பாஸ்வேர்டு கைவிட்டால் ஃபைல்களை மீட்க உதவும் 32 எழுத்துச் சாவியை என் கண்முன்னே தாளில் எழுதிக்கொண்டார், அடுத்த நாள் லீவில் போய்விட்டார். நான் அடுத்த டிக்கெட்டுக்குப் போய்விட்டேன்.

இரண்டு மாதம் கழித்து அவருக்குப் பாஸ்வேர்டு மறந்துபோனது. வழக்கம்போல ரூட்டிலிருந்து மாற்றிக் கொடுத்தேன். பத்து நிமிடத்தில் போன்: “சார், என் ஃபைல் ஒண்ணுகூட இல்ல.” போய்ப் பார்த்தால் ஹோமில் இரண்டே ஃபைல்கள். ஒன்று ரீட்மீ, மற்றது ‘உங்கள் தனிப்பட்ட தரவை அணுக’ என்ற அர்த்தத்தில் ஆங்கிலப் பெயர் கொண்ட ஷார்ட்கட். எதுவும் போகவில்லை, பூட்டிய ஹோம் திறந்து மவுண்ட் ஆகவில்லை, அவ்வளவுதான். ஃபைல்களைத் திறக்கும் உண்மையான சாவி அவருடைய பழைய பாஸ்வேர்டால் சுற்றப்பட்டிருந்தது, அதாவது அதனாலேயே பூட்டப்பட்டிருந்தது. பயனரே மாற்றியிருந்தால் அதுவும் கூடவே மாறியிருக்கும். ரூட் மாற்றும்போது பழைய பாஸ்வேர்டு சிஸ்டத்துக்குத் தெரியாதே, எப்படிப் பிரித்துச் சுற்றும்?

அந்தத் தாள் எந்த டிராயரில் என்று அவர் தேட அரை மணி நேரம் ஆனது. பக்கத்தில் நின்று நானும் வியர்த்துக்கொண்டிருந்தேன். கடைசியில் தாள் கிடைத்தது. 32 எழுத்தையும் அடித்து, மவுண்ட் செய்து, புதுப் பாஸ்வேர்டால் மறுபடி சுற்றிக் கொடுத்தேன். அவர் நிம்மதியாகச் சிரித்தார். அந்த அரை மணி நேரமும் அவருடைய பழைய ஃபைல்கள் அத்தனையும் ஒரு ஃபோல்டர் தள்ளித் திறந்தே கிடந்தன. எட்டிப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை.

இப்போது அந்த நகலை அழிக்கப்போனால் அதுவும் லேசில்லை. எஸ்எஸ்டியில் ஒரு ஃபைலின் மேல் திரும்ப எழுதினால் அது அதே இடத்தில் விழும் என்று சொல்ல முடியாது. டிரைவ் வேறு செல்லில் எழுதிவிட்டுப் பழையதைப் பிறகு பார்த்துக்கொள்ளும். மேலே எழுதி அழிக்கும் ஷ்ரெட் கட்டளை அங்கே வெறும் ஆறுதல்தான். மெமரி போதாதபோது டிஸ்க்கில் எழுதிவைக்கும் ஸ்வாப்பையும் பார்த்தேன். அதை என்கிரிப்ட் செய்யத் தனி ஸ்கிரிப்ட் உண்டு, அதையும் ஓட்டாமல் விட்டிருந்தேன்.

எஃப்எஸ்கிரிப்ட் என்ற இன்னொரு என்கிரிப்ஷன் முறைக்கு மாறினால் தீருமா என்று யோசித்தேன். லினக்ஸின் வழக்கமான ஃபைல் சிஸ்டமான ext4-லேயே வேலை செய்யும், பெயர் நீளத் தொல்லையும் இல்லை. ஆனால் அது காலி டைரக்டரியைத்தான் பூட்டும். புதிதாக ஒன்று உருவாக்கிப் பூட்டி, ஃபைல்களை அதற்குள் காப்பி செய்து, பெயரை மாற்ற வேண்டும். பழைய ஃபோல்டர் அங்கேயும் மிஞ்சும். அந்த லேப்டாப் வேறு ஒருவருக்குப் போக வேண்டியது என்பதால், டிரைவின் செக்யூர் எரேஸ் கட்டளையைக் கொடுத்துவிட்டு, முழு டிஸ்க்கையும் பூட்டும் லக்ஸில் போட்டுப் புதிதாக இன்ஸ்டால் செய்தேன்.

வேறு பிரிவுக்கு மாறிப்போயிருந்த அவரிடம் நேரில் போய்ச் சொன்னேன். “அப்போ எட்டு மாசமா திறந்தேவா கெடந்துது?” என்றார். ஆமாம் என்றேன். டிராயரைத் திறந்து, நான்காக மடித்த அந்தத் தாளை எடுத்து, “இது இனிமே வேணாமில்ல?” என்று நீட்டினார்.