இரண்டு நாற்பது

ஜூன் 3
இரவு 2.40. நைட்டி முதுகோடு ஒட்டிக்கிடந்தது. மின்விசிறி ஓடிக்கொண்டுதான் இருந்தது, தலையணை ஈரம். விரலில் குத்தி ரத்தச் சர்க்கரை பார்த்தேன், 48. சர்க்கரை டப்பாவுக்குள் கையை விட்டு அள்ளித் தின்றேன். அப்புறம் இரண்டு முறுக்கு, ஒரு வாழைப்பழம். காலையில் வெறும் வயிற்றில் 231.

ஜூன் 4
போனைப் பார்த்தால் நேற்று இரவு 2.31க்கு மதினிக்குக் கூப்பிட்டிருக்கிறேன். 4 நிமிடம் 12 விநாடி. எனக்கு ஒரு வார்த்தைகூட நினைவில்லை. இவருக்குக் காது மந்தம், பக்கத்திலேயே படுத்திருந்தும் எதுவும் கேட்கவில்லையாம்.

ஜூன் 6
டாக்டர். வெளியே இரண்டே கால் மணி நேரம், உள்ளே மூன்று நிமிடம். 231ஐப் பார்த்தார், இரவு இன்சுலின் ஊசி 20 யூனிட்டை 22 ஆக்கினார். "ராத்திரி ரொம்ப இறங்குது டாக்டர்" என்றேன். "நேரத்துக்குச் சாப்பிட மாட்டீங்க, அதான்." மூன்று தோசை தின்றுவிட்டுத்தான் படுத்தேன் என்று சொல்ல வாயெடுத்தேன், அதற்குள் அடுத்த டோக்கன் ஆள் கதவைத் திறந்துவிட்டார். மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை (HbA1c) 6.9. "சூப்பர்மா, இப்படியே வச்சுக்கோங்க."

32 வருடம் கணக்கு டீச்சராக இருந்தவள் நான். சராசரி என்ன செய்யும் என்று எனக்குத் தெரியாதா? ஒருத்தன் நூறு வாங்கி ஒருத்தன் பூஜ்யம் வாங்கினால் சராசரி ஐம்பது. இன்ஸ்பெக்ஷனுக்கு வருகிறவர் பாராட்டிவிட்டுப் போவார், பூஜ்யம் வாங்கிய பிள்ளை கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருக்கும். என் பூஜ்யம் ராத்திரி 2.40க்கு உட்கார்ந்திருக்கிறது.

ஜூன் 7
22 போடவில்லை. 20தான். இதில் பொய் எழுதி யாருக்கு என்ன லாபம்.

ஜூன் 9
மதினி கூப்பிடவில்லை. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கூப்பிடுவாள்.

ஜூன் 11
நாலு நாளாக அலாரம் வைத்து 2.40க்கு எழுந்து பார்க்கிறேன். 62, 55, 71, 49. ஒரு ஸ்ட்ரிப் இருபது ரூபாய்க்கு மேல் ஆகிறது, போகட்டும். பயமெல்லாம் அந்த 49ஐப் பற்றித்தான். முன்பெல்லாம் 65க்கே கை உதறும், நெஞ்சு அடித்துக்கொள்ளும். அன்றைக்கு ஒன்றுமே தெரியவில்லை. அலாரம் அடிக்காவிட்டால் தூங்கிக்கொண்டே இருந்திருப்பேன். அடிக்கடி இறங்கினால் உடம்புக்கு அதுவே பழகி, எச்சரிக்கை கொடுப்பதை விட்டுவிடுமாம்.

பாட்டிலோடு வந்த தாளைப் பூதக்கண்ணாடி வைத்துப் படித்தேன். நான் போடுவது 30/70 கலவை. முப்பது பங்கு சீக்கிரம் வேலை செய்வது, எழுபது பங்கு மெதுவாக. உருட்டினால் பால் மாதிரி கலங்குகிறதே, அந்த எழுபதுதான் அது. அதன் உச்சம் நாலு மணி நேரத்திலிருந்து பத்து மணி நேரத்துக்குள் எப்போது வேண்டுமானாலும் வரும். நான் ஊசி போடுவது 7.30க்கு. ஏழு மணி நேரமும் பத்து நிமிடமும் கூட்டினால் 2.40. கணக்கு உதைக்கவே இல்லை. இறங்கின பயத்தில் நான் அள்ளித் தின்பதும், உடம்பு தானாக ஏற்றிவிடுவதும் சேர்ந்து காலையில் 231 காட்டுகிறது. டாக்டர் அந்த 231ஐ மட்டும் பார்த்து ஊசியைக் கூட்டுகிறார். கூட்டினால் இன்னும் இறங்கும். இன்னும் தின்பேன்.

ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்குப் புரிகிற விஷயம்.

ஜூன் 12
அலாரம் வைக்கவில்லை. தூங்கினேன். நல்லவேளை எழுந்தேன்.

ஜூன் 14
குளிக்கும்போது தடவிப் பார்த்தேன். தொப்புளுக்கு இடது பக்கம் தோலுக்கு அடியில் இரண்டு உருண்டை. ஒன்று சீடை அளவு, இன்னொன்று எலுமிச்சை. வலியில்லை. வலியில்லாததால்தான் நாலு வருடமாக அதே இடத்தில் குத்திக்கொண்டிருந்திருக்கிறேன், இப்போதுதான் உறைக்கிறது. சென்னையிலிருந்து மகன் சொன்னான்: ஒரே இடத்தில் போட்டால் கொழுப்பு திரண்டு கட்டியாகிவிடும், அங்கே போடும் மருந்து ஒருநாள் இழுத்துக்கொண்டு ஏறும், ஒருநாள் வேகமாக ஏறும், நம்பவே முடியாது. இடம் மாற்று அம்மா என்றான். சரி.

நாலு வருடம், எத்தனை தடவை போயிருப்பேன். ஒருநாளாவது வயிற்றைக் காட்டுங்கள் என்று யாராவது கேட்டார்களா?

ஜூன் 15
வலது பக்கம், இதுவரை ஊசி படாத இடத்தில் போட்டேன். அதே 20.
41.

ஜூன் 16
நேற்று இரவு இவர்தான் எழுந்து குளுக்கோஸ் கரைத்து வாயில் ஊற்றினார். காது கேட்காத மனிதர் எப்படி எழுந்தார் என்று கேட்டேன். கட்டில் ஆடியதாம். நல்ல இடத்துக்கு மாறும்போது மருந்து முழுசாக ஏறும், அதனால் அளவைக் குறைத்துப் போட வேண்டும். இதை மகனும் சொல்லவில்லை, அவனுக்கும் தெரியாது. இன்று கட்டிக்குள்ளேயே திரும்பப் போட்டுக்கொண்டேன். வெட்கமாக இருக்கிறது.

அந்த 4 நிமிடத்தில் என்ன சொல்லியிருப்பேன்? வளையல் விஷயத்தைச் சொல்லியிருப்பேனோ?

ஜூன் 18
வளையல் விஷயத்தைத்தான் சொல்லியிருப்பேன்.

ஜூன் 21
தேரோட்டம். போகவில்லை. கூட்டத்தில் இறங்கிவிட்டால் யார் தூக்குவது. இவர் மட்டும் போய் வடம் தொட்டுவிட்டு வந்தார், நெற்றி நிறையத் திருநீறு.

வீட்டில் உட்கார்ந்து முதன்முதலில் இன்சுலின் போட்டுக்கொண்ட பையனைப் பற்றிப் படித்தேன். டொராண்டோ, 1922 ஜனவரி 11. லெனார்ட் தாம்சன், வயது 14. என் வகுப்பில் இருந்திருந்தால் ஒன்பதாவதுதான். எடை முப்பது கிலோகூட இல்லை. முதல் மருந்து சுத்தமாக இல்லை, ஊசி போட்ட இடத்தில் கட்டி வந்துவிட்டது. நிறுத்திவிட்டார்கள். ராப்பகலாக உட்கார்ந்து மருந்தைச் சுத்தம் செய்து, 12 நாள் கழித்து, 23ஆம் தேதி மறுபடி போட்டார்கள். பிழைத்துக்கொண்டான், அதற்குப் பிறகு 13 வருடம் இருந்தான். ஊசி போட்ட இடத்தை அன்றைக்கு யாரோ பார்த்திருக்கிறார்கள் அல்லவா. அதை நினைத்துக்கொண்டே இருக்கிறேன்.

ஜூன் 24
மருந்தின் பக்கவிளைவை நோயாளியே அரசுக்குத் தெரிவிக்கலாம், படிவம் தமிழிலேயே இருக்கிறது என்று மகன் அனுப்பினான். 1800-180-3024க்குக் கூப்பிட்டும் சொல்லலாம், கட்டணமில்லை. படிவத்தில் என்ன நடந்தது என்று எழுத ஒரு இடம். அந்த இடத்தைப் பார்த்ததும் அழுதுவிட்டேன், பைத்தியம் மாதிரி. என்ன நடந்தது என்று ஒரு காகிதம் கேட்கிறது.

இடம் போதவில்லை. பின்பக்கமும் எழுதினேன்.

ஜூன் 27
நோட்டோடு டாக்டரிடம் போனேன். 2.40 மணிக் கணக்கு, சாப்பிட்டது, ஊசி போட்ட இடம், எல்லாம் கட்டம் போட்டு, இறங்கியது மட்டும் சிவப்பு மையில். திறக்கவில்லை. மேஜையில் வைத்த நோட்டின் மேல் பிரஷர் மிஷினை வைத்தார். "நெட்ல படிச்சுட்டு வந்தா நாங்க எதுக்கும்மா இருக்கோம்?"

வெளியே எடை பார்க்கிற சிஸ்டர், இருபத்தைந்து வயதுகூட இருக்காது, "ஏன்மா முகம் ஒரு மாதிரி இருக்கு" என்றாள். சொன்னேன். திரைக்குப் பின்னால் கூட்டிப்போய்ச் சேலையை விலக்கி விரலால் அமுக்கிப் பார்த்தாள். கை சில்லென்று இருந்தது. "அய்யோ அம்மா, இதுலயா போடுறீங்க" என்றாள். நேரே உள்ளே போய்விட்டாள்.

இரண்டு நிமிடத்தில் என்னைத் திரும்பக் கூப்பிட்டார்கள். நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தார். சிவப்பு மையில் விரல் வைத்து ஒவ்வொன்றாக. இரவுக்கு 16, கட்டி இருக்கும் பக்கமே போகக் கூடாது, தினமும் ஒரு விரல்கடை தள்ளிப் போட வேண்டும், ஒரு வாரத்துக்கு ராத்திரி பார்த்து எழுதி வர வேண்டும்.

அப்புறம் சொன்னார்: "இதை முதல்லயே சொல்லியிருக்கலாமேம்மா."

ஜூன் 28
முதல்லயே.

ஜூன் 30
2.40. 88.

ஜூலை 2
104. நம்பாமல் இன்னொரு விரலில் குத்தினேன். 109. காலையில் 146. மூன்று வருடத்தில் இப்படி ஒரு காலை வந்ததில்லை. சந்தோஷப்பட வேண்டியதுதான், ஆனால் காபி ஆறும்வரை அந்த மேஜை, அந்த பிரஷர் மிஷின், அதுவே கண்ணில் நின்றது. அந்தச் சிஸ்டருக்கு ஒரு முழம் பிச்சிப்பூ வாங்கிப் போக வேண்டும்.

ஜூலை 5
பாளையங்கோட்டை முழுக்கச் சாரல். தூங்கினேன்.

ஜூலை 8
நோட்டைக் காட்டப் போனேன். சிஸ்டர் இல்லை, வேறு பெண். அவள் வேலையை விட்டுவிட்டாளாம். பிச்சிப்பூவைப் பையிலேயே வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

ஜூலை 11
67. கை உதறியது. உதறியதே, அதற்காகச் சாமி படத்துக்கு முன்னால் போய் நின்றேன்.

ஜூலை 14
மதினியிடமிருந்து போன். நான் மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தேன், இறங்கி வருவதற்குள் நின்றுவிட்டது. மணி ஏழேகால். ஊசியைப் போட்டுவிட்டுக் கூப்பிட வேண்டும்.