ஆய்வுப் பிரிவு டைரி: மூன்று நாள் பயிற்சி

ஆகஸ்ட் 4, 2024

நாளை முதல் மூன்று நாள் மதுரையில் பயிற்சி. பல்கலைக்கழகத்தில் பிஎச்.டி. கோப்புகளைப் பார்க்கும் அலுவலர்களுக்கு மட்டும். 19 வருட சர்வீஸில் இப்படி ஒன்றுக்கு நான் போவது இதுதான் முதல் முறை. பேராசிரியர்களுக்கு எண்பதுகளிலிருந்தே பயிற்சி மையங்கள் உண்டு. போன வருடம், பனாரஸ் இந்துப் பல்கலைக்கழகத்தை நிறுவிய மாளவியா பெயரில் அவற்றைப் புதுப்பித்தும் விட்டார்கள். எங்களுக்கு, சீட்டில் முன்னால் இருந்தவர் போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போனதுதான் பாடம். அவர் தப்பாகச் சொல்லியிருந்தால் நாங்களும் தப்பு.

ஆகஸ்ட் 5

பாடம் எடுத்தவர் ஓய்வுபெற்ற துணைப் பதிவாளர். "ஆய்வாளர் ஒருத்தர் உங்கள் டேபிளுக்கு வந்தால் முதலில் என்ன கேட்பீர்கள்?" என்றார். பெயர், துறை, நெறியாளர் என்று ஆளுக்கொன்று சொன்னோம். "பதிவுத் தேதியைக் கேளுங்கள்" என்றார்.

பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) பிஎச்.டி. விதிகள் 2009இல் ஒன்று, 2016இல் ஒன்று, 2022 நவம்பர் 7இல் அரசிதழில் வந்த ஒன்று. புதியது வந்ததும் பழையதைத் தூக்கிப் போட முடியாது. முன்பே பதிந்தவர்களுக்கு அவரவர் காலத்து விதிதான். எங்கள் கவுன்ட்டரில் நடக்கும் சண்டையில் பாதி இதனால்தான். "அவளுக்குக் கட்டுரை வெளியிட வேண்டாமாம், எனக்கு மட்டும் ஏன் மேடம்?" என்று கேட்பார்கள். 2016 விதியில் ஆய்விதழில் ஒரு கட்டுரை கட்டாயம். 2022இல் அந்தக் கட்டாயம் போய்விட்டது. இதைச் சொல்லத் தெரியாமல் "ரூல்ஸ் அப்படித்தான்மா" என்றே இத்தனை நாள் ஓட்டியிருக்கிறேன்.

இரவு அறையில் குறிப்புகளைப் புரட்டியபோது திக்கென்றது. 2016 விதியிலேயே பிஎச்.டி.க்கான ஆறு வருடக் கெடுவுக்கு மேல் பெண்களுக்கு இன்னும் 2 வருடம் தரலாம் என்று இருக்கிறது. 40 சதவீதத்துக்கு மேல் ஊனம் உள்ளவர்களுக்கும் அப்படியே. பகுதி நேரமாகப் படிக்கும் ஒரு பள்ளி ஆசிரியையின் கோப்பில் போன மாதம்தான் "காலக்கெடு முடிந்தது" என்று நோட் போட்டேன். அவர் பதிந்தது 2018 ஜனவரியா, 2017 ஜனவரியா? தூக்கமே வரவில்லை.

ஆகஸ்ட் 6

இன்று கருத்துத் திருட்டு. யுஜிசியின் 2018 விதிப்படி பிறர் எழுத்தோடு 10 சதவீதம் வரை ஒற்றுமை இருந்தால் தண்டனை இல்லை. 10க்கு மேல் 40 வரை என்றால், அதிகபட்சம் 6 மாதத்துக்குள் திருத்தித் தர வேண்டும். 60ஐத் தாண்டினால் பதிவே ரத்து. இந்த எண்கள் எனக்கு ஏற்கெனவே மனப்பாடம். ஆனால் மேற்கோள், துணைநூற்பட்டியல், நன்றியுரை எல்லாவற்றையும் கழித்துவிட்டுத்தான் கணக்குப் பார்க்க வேண்டும் என்பதைப் பக்கத்திலிருந்தவர் இன்றுதான் கேள்விப்பட்டாராம்.

நான் எழுந்து ஒரு விஷயம் சொன்னேன். ஒற்றுமை பார்க்கும் மென்பொருளில் தமிழ் ஆய்வேடு ஒன்று 0 சதவீதம் என்று வந்தது. துறையில் எல்லோருக்கும் பெருமை. கோப்பைத் திறந்து ஒரு வரியை நகலெடுத்து ஒட்டிப் பார்த்தேன், வெறும் ஆங்கில எழுத்துக் குப்பை. ஆங்கில எழுத்துக்கே தமிழ் உருவம் காட்டும் பழைய பாமினி எழுத்துருவில் தட்டியிருக்கிறார்கள். மென்பொருள் தமிழைப் பார்க்கவே இல்லை, அப்புறம் எதோடு ஒப்பிடும்? அரங்கம் சிரித்தது. பாடம் எடுத்த ஐயா சிரிக்கவில்லை. "அதை யுனிகோடுக்கு மாற்றாமல் வாங்காதீர்கள். ஆய்வேடுகளுக்கான சோத்கங்கா இணையக் களஞ்சியத்தில் ஏற்றினாலும் யாராலும் தேடி எடுக்க முடியாது" என்றார்.

ஆகஸ்ட் 7

சான்றிதழ், குழுப் படம், மாட்டுத்தாவணியில் பஸ்.

ஆகஸ்ட் 8

வந்ததும் அந்தக் கோப்பைத்தான் எடுத்தேன். 2018 ஜனவரி. ஆறு வருடம் இந்த ஜனவரியோடு சரி. சலுகை கிடைத்தால் 2026 ஜனவரி வரை போகும். "முடித்த கோப்பை எதுக்கும்மா திறக்கிறீங்க?" என்றார் பிரிவு அலுவலர். விதியை அச்செடுத்து மேலே வைத்தேன். படித்துவிட்டு, "புது நோட் போடுங்க. பழையதைக் கிழிச்சிடாதீங்க" என்றார்.

மதியம் அந்த டீச்சருக்குப் போன் செய்தேன். வகுப்பில் இருந்திருப்பார், எடுக்கவில்லை. நாலரைக்கு அவரே கூப்பிட்டார். விஷயத்தைச் சொல்லி, நெறியாளர் கையெழுத்தோடு ஒரு விண்ணப்பம் அனுப்பச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம், "மேடம், நான் புத்தகத்தையெல்லாம் லைப்ரரியில் திருப்பிக் கொடுத்துட்டேனே" என்றார்.